ஜெர்மனியிலிருந்து வந்த குதிரை உறைவிந்துக் குச்சிகள் கெட்டுவிட்டனவா?

ஜெர்மன் விந்து நிலையத்திலிருந்து வந்த உறைவிந்துக் குச்சிகளில் (உறைந்த விந்து அடைத்த மெல்லிய குழாய்கள்) ஒன்றை உருக்கிப் பார்த்துவிட்டு, மீதியைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறீர்கள். மீதி ஏழு குச்சிகளை இப்போதைக்குப் பெண்குதிரைக்குப் போடாதீர்கள். ஜெர்மனியிலிருந்து கென்டக்கி வர 11 நாள் ஆகி, உருக்கிய குச்சியில் பத்தில் ஒரு பங்கு விந்தணுகூட முன்னோக்கி நகரவில்லை என்றால், பெரும்பாலும் வழியிலேயே குச்சிகளை உறைநிலையில் வைத்திருக்கும் நைட்ரஜன் தீர்ந்திருக்கிறது. விமானத்தில் வரும் கலனில் நைட்ரஜன் திரவமாகத் தளும்பாது, உட்சுவரில் ஊறியிருக்கும். கலனைப் படுக்க வைத்தால் வேகமாக ஆவியாகிவிடும். குச்சி ஒருமுறை சூடேறிவிட்டால், திரும்பவும் மைனஸ் 196 டிகிரியில் வைத்தாலும் சேதம் சரியாகாது.

ஆனால் முடிவெடுக்கும் முன் உருக்கிய முறையைப் பாருங்கள். விந்து நிலையம் வேறு குறிப்பு தராவிட்டால், அரை மில்லி குச்சிக்கு 37 டிகிரி நீரில் 30 விநாடி. நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகடும் அதே சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த தகட்டில் நல்ல விந்துகூடச் செத்ததுபோல் தெரியும், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. உருக்கிய விந்தை ஐந்து பத்து நிமிடம் 37 டிகிரியில் வைத்திருந்து, நகரும் விந்தணுக்களை எண்ணுங்கள்.

அப்புறம், குச்சியில் அச்சிட்ட தேதியைச் சொல்லி, அதே தொகுப்பில் ஒன்றை விந்து நிலையத்தாரையும் உருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 35 சதவீத விந்தணுக்கள் முன்னோக்கி நகர்ந்தால் கோளாறு பயணத்தில்தான். கலனில் வெப்பப் பதிவுக் கருவி இருந்தால் அந்தப் பதிவையும் கேளுங்கள்.

ஒன்று மட்டும்: குச்சிகளை எறிந்துவிடாதீர்கள். இழப்பீடு கேட்க அவைதான் சாட்சி. மாற்றுக் குச்சிகள் வந்து சேரும்வரை குதிரைக்குக் கருமுட்டை வெளியேற ஊசி போட வேண்டாம். உறைவிந்து குதிரையின் உள்ளே சுமார் 12 மணி நேரம்தான் தாங்கும், அதனால் கருமுட்டை வெளியேறும் நேரத்தில் நல்ல குச்சி கையில் இருக்க வேண்டும்.