பார்கின்சன் மறதிக்குக் காந்த சிகிச்சை: பணம் கட்டும் முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, ஏழு வருடமாக பார்கின்சன். மாத்திரையில் கை நடுக்கம் அடங்கியிருக்கிறது. ஆனால் கரண்ட் பில்லைத் தானே கட்டிவந்தவர், இப்போது பாதியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடுகிறார். தலையில் காந்தம் வைத்து நினைவாற்றலை மீட்டுத் தருவதாக ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். மூளையில் கம்பி வைக்கும் ஆபரேஷன்தான் நல்லது என்கிறார் சித்தப்பா. எதைச் செய்யலாம்?

பதில்: சித்தப்பா சொல்லும் ஆபரேஷனை முதலில் ஒதுக்கிவிடலாம். ஆழ்மூளைத் தூண்டல் (டிபிஎஸ்) நடுக்கம், தசை இறுக்கம், மாத்திரையின் பலன் ஏறி இறங்குவது ஆகியவற்றுக்கு அருமையான சிகிச்சை. மறதிக்கு அல்ல. ஆபரேஷனுக்கு முன்பே நினைவாற்றலைச் சோதிப்போம். டிமென்ஷியா, அதாவது அன்றாட வேலையையே பாதிக்கும் அளவுக்கு மறதி முற்றிய நிலை, இருந்தால் பொதுவாகச் செய்ய மாட்டோம். “ஒரு நிமிடத்தில் தெரிந்த காய்கறிப் பெயர்களையெல்லாம் சொல்லுங்கள்” என்று ஒரு சோதனை உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு பலர் அதில் முன்பைவிடக் குறைவாகத்தான் சொல்வார்கள். நினைவோடு தொடர்புள்ள வேறொரு பகுதியில் கம்பி வைத்தும் லண்டனில் பார்த்தார்கள். பார்கின்சன் டிமென்ஷியா உள்ள 6 பேரிடம் செய்த அந்த ஆய்வு 2018இல் வெளியானது. பெரிய ஆபத்து ஏதும் நேரவில்லை, நினைவாற்றலும் கூடவில்லை.

காந்தத் தூண்டல் (டிஎம்எஸ்) அவ்வளவு பயப்பட வேண்டிய விஷயமில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு நேராகக் காந்தச் சுருளை வைத்து ‘டக் டக்’ என்று தட்டுவார்கள், அவ்வளவுதான். மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008லேயே அனுமதி கிடைத்துவிட்டது. பார்கின்சன் மறதிக்கு நடந்தவை பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். சிலவற்றில் கவனம், திட்டமிடல் சோதனைகளில் மதிப்பெண் கொஞ்சம் கூடியது, சிலவற்றில் ஒன்றும் இல்லை. பில் கட்டுவது போன்ற அன்றாட வேலைக்கு அது உதவும் என்று இதுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. உப்புநீரில் நனைத்த பஞ்சு வழியாக 1–2 மில்லிஆம்பியர் மின்சாரம் செலுத்தும் முறைக்கும் இதே கதைதான். ‘மீட்டுத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்வது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, பிறகு என்னதான் செய்வது? அப்பாவின் மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்புங்கள். பாசிடேன், அதாவது ட்ரைஹெக்சிபெனிடில், இருக்கிறதா? நடுக்கத்துக்காக எப்போதோ எழுதிக்கொடுத்தது அப்படியே தொடர்வதை அடிக்கடி பார்க்கிறேன். நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனம் பார்கின்சனில் ஏற்கெனவே குறைவு. இந்த மாத்திரை அதன் வேலையையும் தடுத்துவிடும். அவசரமாகச் சிறுநீர் வருவதற்குக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினின், தூக்கத்துக்கான அமிட்ரிப்டிலின், சளிக்குப் போடும் அவில் இவையும் அதே வகைதான். எதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் காட்டி மெல்லக் குறைக்க வேண்டும். குறைத்தாலே தெளிவு திரும்புகிறவர்கள் உண்டு.

அப்புறம் பி12, தைராய்டு, காது கேட்கும் திறன், தூக்கத்தில் மூச்சுத் திணறல் எல்லாம் பார்க்க வேண்டும். மனச்சோர்வையும் விசாரியுங்கள். அது மறதி மாதிரியே வேஷம் போடும். அது இருந்தால் காந்தத் தூண்டலுக்கே நியாயம் உண்டு.

இத்தனைக்கும் பிறகு டிமென்ஷியா உறுதியானால் ரிவாஸ்டிக்மின் இருக்கிறது. பார்கின்சன் டிமென்ஷியாவுக்கு 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. பலன் மிதமானதுதான். குமட்டல் வரும், சிலருக்கு நடுக்கம் சற்றுக் கூடும்; தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்தால் வயிறு தாங்கும். ஆனால் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் பாசிடேனைத் தொடர்ந்துகொண்டே, அதைக் கூட்டும் இந்த மருந்தையும் கொடுப்பது, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டே கீழே குழாயைத் திறந்துவிடுவது போல.

அதன் பிறகும் காந்தத்தை முயன்று பார்க்க விரும்பினால், நெறிமுறைக் குழு அனுமதியோடு நடக்கும் ஆய்வில் சேருங்கள். அங்கே அந்தச் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்கக்கூடாது. வலிப்பு வந்ததுண்டா, தலையில் உலோகக் கிளிப், காதில் காக்ளியர் கருவி, நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்காமலேயே நாற்காலியில் உட்காரச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று: குழப்பம் இரண்டு மூன்று நாளில் திடீரென்று அதிகமானால் அது பார்கின்சன் முற்றியதால் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றோ உடலில் நீர் குறைந்ததோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.