வால்வரின் நகம் கையுறையிலா, கையிலா?

சூப்பர் ஹீரோ குழுக் கதைகளைப் பற்றிப் போன இதழில் எழுதியபோது, "கதையில் முன்னுக்குப் பின் இடிக்கிற ஓட்டை ஏதாவது கண்ணில் பட்டால் எழுதிப் போடுங்கள்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்ததில் முக்கால்வாசி நம்ம வடசென்னைக் கடிதங்கள்தான். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யாருக்குமே போடவில்லை, ஏரியா மட்டும்.

அண்ணே, வால்வரினுக்கு முதலில் கையுறையில் நகம் என்றார்கள், அப்புறம் கைக்குள்ளே என்றார்கள், அப்புறம் எலும்பே நகம் என்றார்கள். நான் எதை நம்புவது?
*கல்லூரி மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை*

மூன்றையும் நம்பு தம்பி, வந்த வரிசையிலேயே. 1974-ல் ஹல்க் கதையில் அவர் முதன்முதலாகத் தலைகாட்டியபோது, எழுதிய லென் வெய்ன் மனசில் இருந்தது கையுறையோடு சேர்ந்த நகம்தான். ஆனால் அது அவர் மனசில் இருந்ததே தவிர, கதைக்குள் யாரும் அதை அழுத்திச் சொல்லி வைக்கவில்லை. அந்தச் சந்துதான் அவருக்குப் பின் எழுத வந்த கிறிஸ் கிளேர்மான்ட்டுக்கு வசதியாகப் போனது. 1976-ல், வால்வரின் சேர்ந்துகொண்ட எக்ஸ்-மென் குழுக் கதையின் 98-ஆம் இதழில், கையுறை இல்லாத வெறுங்கையிலிருந்து நகம் வெளியே வருகிறது. கூட இருக்கிற ஆட்களே திகைத்துப் போகிறார்கள். படிக்கிற நமக்குத் தெரியாதது அவர்களுக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த ஆள் தன்னைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கிற ரகம் இல்லை. பழைய கதையில் ஒரு வரிகூடப் பொய்யாகவில்லை, ஆனால் பாத்திரம் ஒரு அடி ஆழமாகிவிட்டது.

எலும்பு நகம் வந்தது 1993-ல். உலோகத்தை ஆட்டிவைக்கும் வில்லன் மேக்னீட்டோ அவர் உடம்பிலிருந்து அடமான்டியம் உலோகத்தை உருவி எடுத்த பிறகு, உள்ளே எலும்பிலேயே நகம் இருந்தது தெரிகிறது. அதுவரை உலோகத்தோடு சேர்த்து நகத்தையும் ஆய்வுக்கூடத்தில்தான் பொருத்தினார்கள் என்று அவரே நினைத்திருந்தார். நினைவையே குழப்பிவிடப்பட்ட மனிதர் என்று முன்னாடியே காட்டியிருந்ததால் இடிக்காது. ஆனாலும் எனக்கு இது கொஞ்சம் கசக்கும். ஒரு மனிதனை அறுத்து ஆயுதமாக்கிவிட்டார்கள் என்பதில் இருந்த கொடுமை, "பிறவியிலேயே ஆயுதம் இருந்தது" என்றதும் பாதி குறைந்துவிடுகிறதே. ஓட்டையை அடைக்கிற விளக்கம் பாத்திரத்துக்கு எதையாவது கூட்டித் தருகிறதா, இல்லை இருப்பதைப் பிடுங்கிக்கொள்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

ஹல்க் ஆசாமியின் பெயர் புரூஸ் பேனரா, பாப் பேனரா?
*மீன் வியாபாரி, காசிமேடு*

ராபர்ட் புரூஸ் பேனர். 1964-ல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 25-ஆம் இதழில் கதாசிரியர் ஸ்டான் லீ மறதியாக "பாப்" என்று எழுதிவிட்டார். ஒரே மாதத்தில் அத்தனை இதழுக்கு வசனம் எழுதினால் யாருக்கும் பெயர் குழம்பும். வாசகர்கள் விடவில்லை. மூன்று இதழ் தள்ளி, முழுப்பெயரே ராபர்ட் புரூஸ்தான் என்று சமாளித்தார், இன்றுவரை அதுவே நிலைத்துவிட்டது. ஹல்க் நிறமும் அப்படித்தான். 1962-ல் முதல் இதழில் சாம்பல் நிறம். அச்சில் அது பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறாக விழுந்ததால் இரண்டாவது இதழிலிருந்து பச்சை. இருபது வருஷத்துக்கும் மேலே கழித்து அந்தச் சாம்பல் ஹல்க்கைத் தனி ஆளாகவே திரும்பக் கொண்டுவந்து கதை பண்ணினார்கள். அச்சகத்துத் தொல்லை கதாசிரியருக்குச் சோறு போட்டது.

ஓட்டை கண்டுபிடித்தால் பரிசு உண்டா சார்?
*கொருக்குப்பேட்டை*

உண்டு, மார்வெல் கொடுத்த அதே பரிசு. 1960-களில் ஸ்டான் லீ "நோ-பிரைஸ்" என்று ஒன்று வைத்திருந்தார். தப்பைச் சுட்டினால் மட்டும் பத்தாது, அது ஏன் தப்பில்லை என்று நீங்களே ஒரு காரணமும் சொல்ல வேண்டும். வென்றவருக்குத் தபாலில் ஒரு கவர் வரும். பரிசு உள்ளே இருப்பதாக மேலே அச்சடித்திருக்கும், பிரித்தால் ஒன்றும் இருக்காது. கவர் காலியாக வந்துவிட்டது என்று சண்டை போட்டு எழுதியவர்களும் உண்டாம்.

மேக்னீட்டோ சின்ன வயதில் ஆஷ்விட்ஸ் முகாமில் இருந்தவர் என்கிறார்கள். அப்படியானால் இன்றைக்குத் தொண்ணூறு தாண்டியிருக்க வேண்டாமா? எப்படி இன்னும் பறந்து பறந்து அடிக்கிறார்?
*பள்ளி ஆசிரியை, ராயபுரம்*

டீச்சர், இந்தக் கணக்குக்கு விடை தற்செயலாக முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1974-ல் டிஃபென்டர்ஸ் 16-ஆம் இதழில் மேக்னீட்டோவைக் கைக்குழந்தையாக மாற்றிவிடுவார்கள். வில்லனை ஒழித்துக்கட்ட அன்றைக்குக் கிடைத்த அசட்டு வழி, அவ்வளவுதான். 1977-ல் எக்ஸ்-மென் 104-ல் அவரைத் திரும்பப் பெரியவராக்குகிறார்கள், ஆனால் கிழவராக அல்ல, கட்டுமஸ்தான நடுவயதுக்காரராக. முகாம் விஷயம் வெளியே வருவதோ 1981-ல், 150-ஆம் இதழில். ஆக, பிறந்த வருஷம் ஒன்று, உடம்பின் வயது வேறு. அவரிடம் யாரும் கைவைக்கத் தேவையில்லை.

அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் பாடுதான் திண்டாட்டம். 1963-ல் அவர் காயம்பட்டது வியட்நாமில். நாயகனுக்கு வயது ஏறக்கூடாது என்பதால் போரை நகர்த்திக்கொண்டே வந்தார்கள், ஆப்கானிஸ்தான் வரை. பிறகு 2019-ல் சியான்காங் என்று ஒரு கற்பனை நாட்டைப் பிடித்துக்கொண்டு, பழைய போர்க் கதைகளை மொத்தமாக அங்கே குடிவைத்துவிட்டார்கள். வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேக்னீட்டோவை ஏன் அப்படி நகர்த்தவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்த முகாமுக்குப் பதிலாக ஒரு கற்பனை முகாமை வைத்தால் அந்த ஆள் பேசுகிற ஒரு வார்த்தைக்கும் எடை இருக்காது.

ஜீன் கிரே செத்தாளா இல்லையா? எங்க தெருவில் இதுக்கு ரெண்டு கட்சி.
*கேரம் கிளப் நண்பர்கள், வியாசர்பாடி*

ஸ்டிரைக்கரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள், இது நீளும்.

1980. எக்ஸ்-மென் கதையில் ஃபீனிக்ஸ் என்ற பெரும் சக்தியாக மாறிய குழு உறுப்பினர் ஜீன் ஒரு நட்சத்திரத்தையே விழுங்குகிறாள். அதைச் சுற்றி வந்த கோளில் 500 கோடி உயிர்கள் அழிகின்றன. கிளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பைர்னும் முதலில் போட்ட முடிவில் அவள் சாகவில்லை, சக்தி மட்டும் பறிபோகும். பக்கங்கள் வரைந்தும் ஆகிவிட்டது. தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர், இத்தனை கோடிப் பேரைக் கொன்றவள் எதுவும் நடக்காதது போல வீட்டுக்குப் போக முடியாது என்று நின்றுவிட்டார். கடைசிப் பக்கங்களை மாற்றி வரைந்தார்கள், 137-ஆம் இதழில் தன் கையாலேயே தன்னை முடித்துக்கொள்கிறாள். பழைய முடிவு 1984-ல் தனிப் புத்தகமாக வந்தது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர் யாரும் ஷூட்டரைத் திட்ட மாட்டார்.

1986-ல் எக்ஸ்-மென் குழுவின் முதல் ஐந்து பேரையும் சேர்த்து எக்ஸ்-ஃபேக்டர் என்று புது இதழ் போட ஆசை வந்தது. ஐந்தில் ஒருத்தி செத்துப்போனவள். என்ன பண்ணுவது? அந்தச் சமயத்தில் பிரபலமாகாத எழுத்தாளர் கர்ட் பியூசிக் சொல்லி வைத்திருந்த யோசனை கைகொடுத்தது: நட்சத்திரத்தை விழுங்கியது ஜீனே இல்லை, அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட ஒரு சக்தி, நிஜ ஜீன் இத்தனை வருஷமும் நியூயார்க்கின் ஜமைக்கா பே தண்ணீருக்கு அடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். தேதிகளை ஒட்டிப் பார்த்தால் பொருந்தும். 1976-ல் விண்வெளி ஓடம் அந்தத் தண்ணீரில்தான் விழுந்தது, அதிலிருந்து "நான் ஃபீனிக்ஸ்" என்று எழுந்து வந்தவளை நாமும் பார்த்தோம். ஆள் மாறியது அங்கேதான் என்கிறார்கள். கட்டத்துக்குக் கட்டம் தேடினாலும் தையல் தெரியாது.

ஆனால் விலை என்ன ஆச்சு பாருங்கள். தப்பு செய்து, தப்பை உணர்ந்து, தானே தண்டனை எடுத்துக்கொண்ட ஒருத்தியின் கதை அது. அவளே இல்லை என்றதும் அந்தத் தியாகம் யாருடையது? அதோடு நிற்கவில்லை. அவள் காதலன் சைக்ளாப்ஸுக்கு இதற்குள் மேடலின் என்று மனைவி, கையில் குழந்தை வேறு. ஜீன் பிழைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் ரெண்டு பேரையும் விட்டுவிட்டுக் கிளம்புகிறார். குழுவின் தலைவர் செய்கிற வேலையா இது? அந்த அசிங்கத்தைத் துடைக்க, மேடலின் ஜீனின் நகலாக உருவாக்கப்பட்டவள் என்று சில வருஷம் கழித்து இன்னொரு விளக்கம், கூடவே அவளையும் வில்லியாக்கிச் சாகடித்தார்கள். ஒரு ஓட்டையை அடைக்கப் போய் ஒரு பெண்ணின் வாழ்க்கையே காலி.

அதனால் உங்க தெருச் சண்டைக்கு என் தீர்ப்பு: புத்தகப்படி சாகவில்லை. நான் செத்தாள் கட்சி.

என்னிடம் இருக்கும் பழைய அவெஞ்சர்ஸ் இதழில் கேப்டன் அமெரிக்கா கேடயத்தைப் பறிகொடுத்து நிற்கிறார், பக்கத்தைத் திருப்பினால் கேடயம் கையில். எப்படி வந்தது என்று ஒரு வரி இல்லை. இது பெரிய ஓட்டைதானே?
*துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தண்டையார்பேட்டை*

பெரியவரே, முதலில் பின் அடித்த இடத்தைப் பாருங்கள். மூர் மார்க்கெட் 1985-ல் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள், அத்தனை கை மாறிய புத்தகத்தில் முதலில் கழன்று போவது நடுத்தாள்தான். ஒரு தாள் போனால் நாலு பக்கம் போச்சு, அதுவும் கதை சூடு பிடிக்கிற நடுவில். உள்பக்கம் மொத்தம் 32 இருக்க வேண்டும், விளம்பரத்தையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். 28 வந்தால் மார்வெல்காரர்கள் மேல் பழி போட முடியாது.

டீன் டைட்டன்ஸ் குழுவில் வொண்டர் கேர்ள் யார்? வொண்டர் வுமனின் தங்கையா?
*திருவொற்றியூர்*

அங்கேதான் விவகாரமே. (இது மார்வெல் இல்லை, டிசி கம்பெனிக் கதை.) வொண்டர் கேர்ள் என்பது வொண்டர் வுமனேதான், அவருடைய சின்ன வயதுக் கதைகளில் வருகிற பெயர். 1965-ல் அதைக் கவனிக்காமல் ராபின், கிட் ஃப்ளாஷோடு தனிப் பெண்ணாகச் சேர்த்துவிட்டார்கள். நாலு வருஷம் அந்தப் பெண்ணுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. 1969-ல் கதாசிரியர் மார்வ் வுல்ஃப்மேன், தீப்பிடித்த கட்டடத்திலிருந்து வொண்டர் வுமன் காப்பாற்றிய அனாதைக் குழந்தை என்று சொல்லி டோனா டிராய் என்று பெயர் வைத்தார். 1984-ல் அவரே, ஓவியர் ஜார்ஜ் பெரெஸோடு சேர்ந்து, அவளைப் பெற்றவர் யார் என்று ராபின் தேடிப் போகிற கதையை எழுதினார். சண்டை கிடையாது, வில்லன் கிடையாது, ஒரு நண்பன் இன்னொருத்திக்காக விசாரித்துக்கொண்டே போகிறான். ஓட்டையிலிருந்து பிறந்த பாத்திரத்துக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. 1987-ல் வொண்டர் வுமன் கதையை முதலிலிருந்து ஆரம்பித்து, அவர் இப்போதுதான் நம் உலகத்துக்கே வருகிறார் என்று மாற்றினார்கள். அப்போது டோனாவைத் தீயிலிருந்து தூக்கியது யார் என்றாகிவிட்டது. அதற்கப்புறம் வந்த விளக்கங்களை நான் பொறுமையாகப் படித்தேன், ஒன்றும் மனசில் ஒட்டவில்லை.

அங்கிள், இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?
*எட்டாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்*

பழைய மார்வெல் கதைகளில் பெரும்பாலும் முதலில் கதைச் சுருக்கம், அப்புறம் ஓவியர் முழுசாக வரைவார், அதற்குப் பிறகுதான் வசனம் எழுதுவார்கள் கண்ணு. ஓவியர் ஒன்று நினைத்து வரைந்திருப்பார், வசனம் வேறு ஒன்று சொல்லும். அதனால் ஒரு பக்கத்தை எடுத்து, வசனத்தை எல்லாம் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார். யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனி. அப்புறம் கையை எடுத்துவிட்டுப் படி. கதை மாறித் தெரிந்தால் இதழ் எண், பக்கம், கட்டம் மூன்றையும் குறித்து அனுப்பு. பென்சிலில் எழுதினாலும் பரவாயில்லை.