தகட்டைப் படியுங்கள்: பேஸ் ஆம்ப், பெட்டி, ஓம் கணக்கு (வாசகர் கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: எந்த பேஸ் கிட்டார் ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) எந்த ஸ்பீக்கர் பெட்டி? ஓம், வாட், தொடரிணைப்பு, பக்க இணைப்பு ஆகியவை தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள் பள்ளி இயற்பியல் புத்தகத்தை ஒரு மாலை நேரம் புரட்டிவிட்டு வாருங்கள். அந்த ஒரு மாலை உங்கள் ஆம்பைக் காப்பாற்றும்.

என் டிரான்சிஸ்டர் ஆம்பில் '500 வாட், குறைந்தபட்சம் 4 ஓம்' என்று இருக்கிறது. என்னிடம் இருப்பது 8 ஓம் பெட்டி. மாட்டினால் ஆம்ப் போய்விடுமா? (கோயம்புத்தூர்)

போகாது. குறைந்தபட்சம் என்றால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்றுதான் பொருள், மேலே போகலாம். 4 ஓமில் 500 வாட் தருவது 8 ஓமில் 300 வாட் அளவுக்கு இறங்கும். காதுக்கு அது இரண்டு டெசிபெல் குறைவு, அவ்வளவுதான். நிம்மதியாக வாசியுங்கள்.

ஆம்பின் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் துளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு துளையும் 4 ஓம் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னார். ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக நான்கு 8 ஓம் பெட்டிகள் போடலாமா? (திருநெல்வேலி)

போடக் கூடாது. பேஸ் ஆம்புகளில் பெரும்பாலும் அந்த இரண்டு துளைகளும் உள்ளே ஒரே இரண்டு கம்பிகளில்தான் போய்ச் சேர்கின்றன. வாசல் இரண்டு, வீடு ஒன்று. ஒரு பெட்டியின் பின்புறத்திலிருந்து அடுத்த பெட்டிக்கு வயர் எடுத்தாலும் அதுவும் பக்க இணைப்புதான். 8 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 4, மூன்று சேர்ந்தால் 2.7, நான்கு சேர்ந்தால் 2 ஓம். உங்கள் ஆம்பின் எல்லை 4 என்றால் இரண்டு பெட்டியோடு நிறுத்த வேண்டும். 2 ஓம் வரை இறங்கும் ஆம்புகளும் உண்டு. அதைப் பின்பக்கத் தகடு சொல்லும், கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை. தகட்டைப் படியுங்கள்.

ஒரு 4 ஓம் பெட்டியையும் ஒரு 8 ஓம் பெட்டியையும் சேர்த்துப் போடலாமா? (தஞ்சாவூர்)

மொத்தம் 2.7 ஓம். 4 ஓம் எல்லை உள்ள ஆம்பில் போடாதீர்கள். 2 ஓம் ஆம்பானால் போடலாம். ஆனால் 4 ஓம் பெட்டி மூன்றில் இரண்டு பங்கு வாட்டை எடுத்துக்கொள்ளும். அந்தப் பெட்டி அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

வணக்கம் ஐயா. என் ஆம்ப் கச்சேரி நடுவில் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துத் தானாக வருகிறது. என்ன காரணம்? உடனே பதில் தேவை. (ஊர் இல்லை)

எந்த ஆம்ப்? எத்தனை பெட்டி? ஒவ்வொன்றும் எத்தனை ஓம்? எத்தனை பாட்டுக்குப் பிறகு நிற்கிறது? நான்கு வரிக் கடிதத்தில் வணக்கமும் அவசரமும் இருக்கின்றன, தகவல் ஒன்றும் இல்லை. தகவல் இல்லாமல் எழுதிவிட்டு, உடனே பதில் கேட்பது நியாயமில்லை.

சூட்டுப் பாதுகாப்பு வேலை செய்கிறது என்பது மட்டும் தெரிகிறது. ஒன்று, பெட்டிகளின் மொத்த ஓம் எல்லைக்குக் கீழே இருக்கிறது. அல்லது மின்விசிறித் துவாரம் தூசியால் அடைந்திருக்கிறது. இரண்டையும் பார்க்கும்வரை அந்த ஆம்பை மேடை ஏற்றாதீர்கள். தானாக வருகிறதே என்று விட்டால், ஒரு நாள் வராமலே போய்விடும்.

ஸ்பீக்கர் வயர் தொலைந்துவிட்டது. கிட்டார் வயரும் அதே ஜாக்தானே, அதைப் போட்டால் சத்தம் வருகிறது. தொடர்ந்து பயன்படுத்தலாமா? (புதுச்சேரி)

இன்றே கழற்றுங்கள். 500 வாட் ஆம்ப் 4 ஓமில் முழுமூச்சாகத் தள்ளும்போது வயரில் ஓடுவது 11 ஆம்பியர். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுப்பது நான்கு அல்லது ஐந்து. கிட்டார் வயரின் நடுக்கம்பி நூல் அளவு; அதன்மேல் சுற்றிய வலை இரைச்சலைத் தடுப்பதற்காக இருக்கிறது, சுமை இழுப்பதற்காக அல்ல. சூடேறி உள்ளே உருகினால் கம்பியும் வலையும் ஒட்டிக்கொள்ளும். ஆம்புக்கு அது பூஜ்ய ஓம். ஐந்து மீட்டருக்குள் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டைக் கம்பி போதும், நீளம் கூடினால் 2.5. இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள்; இருட்டு மேடையில் கை மாறாது.

பழைய வால்வு ஆம்ப் ஒன்று கிடைத்திருக்கிறது. இரவில் சத்தமில்லாமல் பழக, பெட்டியைக் கழற்றிவிட்டு லைன் அவுட்டிலிருந்து ஹெட்ஃபோன் மிக்ஸருக்குப் போகலாமா? (கிள்ளான், மலேசியா)

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். டிரான்சிஸ்டர் ஆம்ப் பெட்டியில்லாமல் சும்மா இருக்கும். வால்வு ஆம்ப் அப்படி இருக்காது. வால்வுக்கும் பெட்டிக்கும் நடுவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. மறுமுனையில் சுமை இல்லாதபோது நீங்கள் ஒரு தந்தியை மீட்டினால், போக வழியில்லாத அந்தச் சக்தி வால்வுப் பக்கமே திரும்பி ஆயிரம் வோல்ட்டையும் தாண்டும். வால்வு சாக்கெட்டில் நீலப் பொறி தாவும். டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு உள்ளுக்குள் துளைபடும். பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் போல இன்னொன்று எளிதில் கிடைக்காது.

வால்வு ஆம்பில் ஓம் கணக்கும் வேறு. 4, 8, 16 என்று தேர்வு விசை இருந்தால் பெட்டி எத்தனையோ அதிலேயே வையுங்கள். இங்கே 'அதிக ஓம் போட்டால் பாதுகாப்பு' என்ற டிரான்சிஸ்டர் பாடம் செல்லாது. சுமை ஏற ஏற வோல்ட் ஏறும். ஒரு படி மாறினால் பெரும்பாலும் தாங்கும், அதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். மேடையில் யாராவது வயரில் இடறிக் கழன்றால், கை முதலில் போக வேண்டிய இடம் ஸ்டாண்ட்பை விசை. அணைத்துவிட்டுச் சொருகுங்கள்.

என் 4×10 பெட்டியில் (பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு) '8 ஓம்' என்று தகடு இருக்கிறது. மல்டிமீட்டரில் 6 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (மதுரை)

இல்லை. தகட்டில் இருப்பது மாறுமின்னோட்டத்துக்கான எண், மீட்டர் காட்டுவது சுருளின் நேர்மின்தடை மட்டும். 8 ஓம் பெட்டி ஆறையொட்டிக் காட்டும், 4 ஓம் பெட்டி மூன்றுக்குக் கொஞ்சம் மேலே, 16 ஓம் பெட்டி பன்னிரண்டையொட்டி. மீட்டர் எண்ணை ஒன்றேகாலால் பெருக்குங்கள், கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். உங்கள் பெட்டி நல்ல பெட்டி.

மீட்டர் வைத்துப் பார்த்தீர்களே, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். பெரும்பாலோர் பார்ப்பதில்லை, அதனால் என் மேசைக்கு வந்த ஒரு ஆம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு தேவாலயக் குழுவில் வாசிக்கும் இளைஞர் கொண்டுவந்தார். 4 ஓம் எல்லை உள்ள நல்ல ஆம்ப். திறந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஒரு பக்கம் முழுக்கக் குறுக்காகி (ஷார்ட் ஆகி) இருந்தன. "இரண்டு 8 ஓம் பெட்டிதான் ஐயா போட்டேன், நீங்கள் சொன்ன கணக்குதான்" என்றார். பெட்டிகளையும் கொண்டுவரச் சொன்னேன்.

முதல் பெட்டியில் மீட்டர் ஆறு காட்டியது. இரண்டாவது பெட்டியில் நாலேகால். அதன் தகட்டிலும் '8 ஓம்' என்றே அச்சாகியிருந்தது. முன்பக்க வலையைக் கழற்றினேன். நான்கு ஸ்பீக்கரில் இரண்டின் திருகுகள் கறுப்பு, இரண்டின் திருகுகள் வெள்ளி நிறம். வெளியே எடுத்துப் பின்புறம் பார்த்தால், கறுப்புத் திருகு போட்ட இரண்டின் காந்தத்தில் தூசியும் '8 ஓம்' முத்திரையும். மற்ற இரண்டில் புதிய ஸ்டிக்கர், '4 ஓம்'. இணைப்பில் ஈயப் பற்றுகூட இல்லை, கம்பியை முறுக்கி பிளாஸ்டிக் டேப் சுற்றியிருந்தது. அந்தப் பெட்டியை அவர் இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். யாரோ ஒரு பழுதுக்காரர், எரிந்த இரண்டுக்குப் பதிலாகக் கையில் இருந்ததைப் போட்டு அனுப்பியிருக்கிறார்.

கணக்குப் போடுங்கள். பழைய இரண்டும் தொடரில் 16 ஓம், புதிய இரண்டும் தொடரில் 8 ஓம், இவை இரண்டும் பக்க இணைப்பில் 5.3. அதோடு நல்ல பெட்டியின் 8 ஓம் சேர்ந்தால் 3.2. எல்லை 4. வாரம் தவறாமல் ஆராதனை, பண்டிகைக் காலத்தில் மணிக்கணக்கில் வாசிப்பு. ஆம்ப் எத்தனை நாள் தாங்கும்? இன்னொன்றும் நடந்திருக்கிறது. புதிய இரண்டு ஸ்பீக்கர்களும் பழையவற்றைப்போல இரண்டு மடங்கு வாட்டை இழுத்திருக்கின்றன. கொஞ்ச நாள் விட்டிருந்தால் அவையும் எரிந்திருக்கும், அந்தப் பழுதுக்காரருக்கு மறுபடி வேலை வந்திருக்கும்.

இதை நான் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். ஸ்பீக்கரை மாற்றுபவர் அதே ஓம் ஸ்பீக்கரைத்தான் போட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். பழைய தகட்டின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டிப் புதிய எண்ணைப் பேனாவால் எழுத வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு ரூபாய் இல்லை. அந்த இளைஞர் தன் சம்பளத்தில் மாதாமாதம் சேர்த்து வாங்கிய ஆம்ப் அது. தகடு பொய் சொன்னால் படித்தும் பயனில்லை. அப்படிப் பொய்த் தகட்டோடு பெட்டியை அனுப்புவதை நான் தொழில் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாங்குபவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் கைப் பெட்டி வாங்கப் போகும்போது பாக்கெட்டில் மீட்டர் இருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒட்டிப் பாருங்கள், 0.3 காட்டினால் கடைசி எண்ணில் அதைக் கழித்துவிடுங்கள். பிறகு, ஆம்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயரைப் பெட்டியில் சொருகி, மறுமுனை ஜாக்கின் நுனியிலும் கழுத்திலும் வைத்துப் பாருங்கள். கூடவே ஒரு டார்ச் பேட்டரி, 1.5 வோல்ட். நுனிக்கு பாசிட்டிவ், கழுத்துக்கு நெகட்டிவ் என்று அதை ஒரு நொடி தொட்டால் கோன்கள் (ஸ்பீக்கரின் கூம்புகள்) எல்லாம் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று எதிர்ப்பக்கம் அசைந்தால் கம்பி மாறியிருக்கிறது. பேஸ் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும்.

8×10 பெட்டியில் ஒரு ஸ்பீக்கர் போய்விட்டது. எட்டில் ஒன்றுதானே, 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றைப் போட்டுவிடலாமா? (ஈரோடு)

போடாதீர்கள். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. காலத்திலிருந்து அந்த வகை 8×10 பெட்டியில் இருப்பவை 32 ஓம் ஸ்பீக்கர்கள். எட்டும் பக்க இணைப்பில் சேர்ந்து 4 ஓம். அதில் ஒன்று 8 ஓம் ஆனால் மொத்தம் 2.9க்கு இறங்கும். அதைவிட மோசம், அந்த ஒரே ஸ்பீக்கர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாட்டை இழுக்கும். 300 வாட்டில் அதற்கு மட்டும் நூறுக்கு மேல், மற்ற ஒவ்வொன்றுக்கும் 27 வாட். 32 ஓம் ஸ்பீக்கரையே தேடுங்கள். கிடைக்கும்வரை கெட்டுப்போனதன் கம்பியைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு ஏழோடு வாசிக்கலாம். ஓம் சற்று ஏறும், டிரான்சிஸ்டர் ஆம்புக்குத் தீங்கில்லை. செத்த ஸ்பீக்கரை அதன் இடத்திலேயே விட்டுவையுங்கள், பெட்டியில் ஓட்டை விழக் கூடாது.

இரண்டு 4 ஓம் பெட்டிகளைத் தொடரிணைப்பில் போட்டு 8 ஓம் ஆக்கலாமா? (சேலம்)

கணக்கு சரி. அதற்கென்று தனி வயர் செய்து, அதன்மேல் 'தொடர்' என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டியாக இருக்கட்டும். ஒன்று எரிந்தால் இரண்டும் அடங்கிவிடும். வால்வு ஆம்பில் அப்படி அடங்கினால் என்ன ஆகும் என்று மேலே கிள்ளான் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் பேஸுக்கு இரு சானல் பவர் ஆம்பை பிரிட்ஜ் செய்து (இரண்டு சானலையும் ஒன்றாக்கி) போடுகிறோம். ஒரு சானலுக்கு 4 ஓம் எல்லை. 4 ஓம் பெட்டி போடலாமா? (திருச்சி)

கூடாது. பிரிட்ஜில் ஒவ்வொரு சானலும் பெட்டியில் பாதியைத்தான் பார்க்கிறது, அதாவது 2 ஓம். உங்கள் எல்லை 8. தகட்டிலேயே பிரிட்ஜ் என்று தனி வரி இருக்கும். தகட்டைப் படியுங்கள்.

ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து மிக்ஸருக்கு லைன் கொடுக்கலாமா? (நாகர்கோவில்)

ஒருபோதும் கூடாது. மிக்ஸருக்கென்றே டிஐ வெளியீடு (DI) இருக்கிறது. இப்போதைய எடை குறைந்த ஆம்புகள் பலவற்றில் ஸ்பீக்கர் வெளியீட்டின் இரண்டு முனைகளிலும் உயிர் உண்டு, எதுவும் கிரவுண்ட் கிடையாது. மிக்ஸரின் கிரவுண்டில் அதைத் தொட்டால் ஆம்பின் பாதியைக் குறுக்காக்குகிறீர்கள்.

300 வாட் பெட்டிக்கு 500 வாட் ஆம்ப் ஆபத்தா? (வேலூர்)

காது இருந்தால் ஆபத்தில்லை. ஐந்து தந்தி பேஸ் கிட்டாரில் கீழ் பி சுரம் 31 ஹெர்ட்ஸ். பேஸ் குமிழை முழுதும் திருப்பி அதை ஓங்கி அடித்தால், வாட் எல்லைக்கு வெகு முன்பே கோன் 'டப்' என்று முட்டும். அந்தச் சத்தம் கேட்ட உடனே குறையுங்கள்.

ஸ்பீக்கான் நல்லதா, கால் அங்குல ஜாக் நல்லதா? (கடலூர்)

ஸ்பீக்கான். நியூட்ரிக் நிறுவனம் 1987இல் ஸ்பீக்கர் வயருக்கென்றே உருவாக்கிய செருகி அது. திருகினால் பூட்டிக்கொள்ளும், உலோகம் கையில் படாது. ஜாக்கை ஆம்ப் ஓடும்போது சொருகினால், நுழையும் வழியில் நுனியும் கழுத்தும் ஒரு கணம் ஒன்றோடொன்று பட்டுவிட வாய்ப்புண்டு. எதுவானாலும், அணைத்துவிட்டுச் சொருகுங்கள்.