தளபதி வந்தால் கெம்பஸ் திருந்துமா?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களின் தளபதி ரொபர்ட் ஈ. லீ, பிறகு ஒரு கல்லூரிக்குத் தலைவராகி அதைத் தூக்கி நிறுத்தினார் என்று படித்தேன். நம் கிழக்கிலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒழுக்கம் தெரிந்த இராணுவ அதிகாரி ஒருவரை உபவேந்தராகப் போட்டால், பகிடிவதையும் வகுப்புப் பகிஷ்கரிப்பும் ஒரே வருடத்தில் ஒழிந்துவிடாதா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: ஒழியாது, தம்பி. லீயைப் பற்றி நீங்கள் படித்தது சரிதான், ஆனால் பாதிதான் படித்திருக்கிறீர்கள்.

1865 ஏப்ரல் 9ஆம் திகதி சரணடைந்த மனிதர், அதே வருடம் செப்டம்பரில் ட்ரவலர் என்ற தன் சாம்பல் நிறக் குதிரையில் தன்னந்தனியாக வேர்ஜினியாவின் லெக்சிங்டன் ஊருக்குள் வந்து சேர்ந்தார். அங்கிருந்த வொஷிங்டன் கல்லூரியை முந்தின வருடம்தான் வட மாநிலப் படை சூறையாடியிருந்தது, மிஞ்சிய மாணவர்கள் 50 பேர் கூட இல்லை. சம்பளம் வருடத்துக்கு 1,500 டொலர். பொதுமன்னிப்பில் சேர்க்கப்படாத தன்னால் கல்லூரிக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்று அவரே தயங்கிக் கடிதம் எழுதியிருந்தார். ஐந்து வருடத்தில், 1870 ஒக்டோபரில் அவர் கண்மூடுவதற்குள், மாணவர் தொகை 400ஐத் தொட்டுவிட்டது, சட்டக் கல்வி வந்தது, பொறியியல் வந்தது, மாணவர்கள் தமக்கு வேண்டிய பாடத்தைத் தெரிவுசெய்யும் முறையும் வந்தது.

இதையெல்லாம் அவர் தளபதியாக நின்று செய்யவில்லை. போருக்கு முன்பே, 1852 முதல் 1855 வரை, வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியை நடத்திப் பழகியவர் அவர். அந்த முறையை லெக்சிங்டனுக்குக் கொண்டுவந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். கொண்டுவரவில்லை. விதிப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணியமாக நடந்துகொள் என்ற ஒரே விதி போதும் என்றார். கட்டாயமாக இருந்த ஆலய வழிபாட்டை அவரவர் விருப்பத்துக்கு விட்டார். மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு அறிந்து வைத்திருந்தார், பையன் படிப்பில் பின்தங்கினால் தகப்பனுக்குத் தானே கடிதம் எழுதினார். நீங்கள் கேட்கிற ஒழுக்கம் அங்கே இப்படித்தான் வந்தது.

நாங்கள் மற்ற வழியையும் பார்த்துவிட்டோம். 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளை இராணுவ முகாம்களுக்கு அனுப்பித் தலைமைத்துவப் பயிற்சி என்று மூன்று கிழமை ஓட வைத்தார்கள். பகிடிவதை நின்றதா? அதைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே அறை எடுத்துத் தங்கும் முதலாம் வருடப் பிள்ளை, இரவு பத்து மணிக்கு சீனியர் கூப்பிட்டால் யாருக்கு போன் பண்ணுவது என்று தெரியாமல் அழுதுகொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் தெரிந்த ஒரு விரிவுரையாளரும், கூப்பிட்டால் எழும்பி வருகிற ஒரு விடுதிப் பொறுப்பாளரும்தான் வேண்டும்.

அப்புறம், லீயின் மற்றப் பாதி. அடிமை முறையைக் காக்க எழுந்த ஓர் அரசுக்காகப் போர் செய்தவர் அவர். கல்லூரித் தலைவராக இருந்துகொண்டே, 1866 பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸின் குழு முன் போய், கறுப்பின மக்களுக்கு இப்போது விபரமாக வாக்களிக்கத் தெரியாது என்றும், அவர்கள் வேர்ஜினியாவை விட்டுப் போய்விட்டால் நல்லது என்றும் சாட்சி சொன்னார். அவருடைய மாணவர்கள் ஊரிலுள்ள கறுப்பின மக்களைத் தொல்லைப்படுத்துகிறார்கள் என்ற முறைப்பாடுகளும் அங்கே இருந்தன. வெள்ளைக்காரப் பையன்களுக்கு அவர் தகப்பன் மாதிரி. வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு அவர் யார்? அந்தக் கல்லூரி இன்று அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டு பல்கலைக்கழகமாக இருக்கிறது, அந்தப் பெயரை எடுப்பதா விடுவதா என்று 2021 வரை சண்டை பிடித்து, கடைசியில் நிர்வாகசபை வாக்கெடுத்து வைத்துக்கொண்டது. 150 வருடம் போயும் ஆறவில்லை, பார்த்தீர்களா.

எங்களுக்கு அவ்வளவு காலம் கூடப் போகவில்லை. 1990இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாக இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்த சனம் விரிவுரை மண்டபங்களில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தது. செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேரை இராணுவம் பிரித்தெடுத்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனது. ஒருவரும் திரும்பி வரவில்லை. தாய்மார் வருடா வருடம் அந்தத் திகதியில் படங்களைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள், போன கிழமை கூட அவர்களில் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, ஓரம் கிழிந்த மகனின் படத்தை மேசையில் வைத்து கையால் நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தார்.

நீங்கள் சொல்கிற அதிகாரி தனிப்பட்ட முறையில் மிக நல்லவராகவே இருக்கட்டும். அந்த அம்மாவைத் தாண்டி அவரை உள்ளே அழைத்துப்போக நீங்கள் முன்னுக்கு வருவீர்களா? நான் வரமாட்டேன்.