அரசனின் காலில் கழல்: பழைய மன்னரின் ஆண்மையும் அழகும், கேள்வி பதில்

பழைய அரசர்களின் கோலம் பற்றி நீங்கள் கேட்டவற்றில் நான்கு இங்கே.

கல்லடியிலிருந்து: சேர், அரசர்கள் இவ்வளவு நகை போட்டது ஆண்மைக்குக் குறைவாகத் தெரியவில்லையா?

இல்லை மகன். எந்த நகை என்பதுதான் கணக்கு. தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் காலிலிருந்து பார்க்கத் தொடங்குகிறார் (புறநானூறு 77). கிண்கிணி என்ற பிள்ளைச் சதங்கை கழற்றிய காலில் இப்போதுதான் கழல் என்ற வீரர் காலணி. குடுமி களைந்த தலையில் வேப்பந்தளிர். மார்பில் தார் என்ற மாலை இருக்கிறது, ஆனால் பிள்ளைக்குக் கட்டும் ஐம்படைத் தாலியை இன்னும் கழற்றவில்லை. பால்குடி மறந்து சோறு உண்டதே இன்றைக்குத்தான். அந்தப் பொடியன் எதிரியைக் கண்டு மலைக்கவும் இல்லை, இளக்காரமாக நினைக்கவும் இல்லை. கொன்றபின் துள்ளவும் இல்லை. அந்த அடக்கத்தைத்தான் நான் ஆண்மை என்பேன்.

திருக்கோவிலிலிருந்து: அரசன் அழகைப் பெண் யாரும் பாடினார்களா?

நக்கண்ணையார் பாடினார் மகள். அவர் பாடியது போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழனை. கழல் கட்டிய கால், மை போல் கறுத்த தாடி. அவனை நினைத்து மெலிந்ததில் தன் தொடி, அதாவது வளை, கழன்று தாய்க்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறார். புறநானூறு 84ஆம் பாட்டில், "புற்கை உண்டும் பெருந்தோளன்னே" என்கிறார். புற்கை என்றால் கூழ். நம் வாயில் வரும் புக்கை அந்தச் சொல்தான். கூழ் குடிக்கும் நிலையிலும் தோள் பெருத்தவன்! செல்வத்தைப் பேசாத இந்தப் பாட்டு எனக்கு மிகப் பிடிக்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து: தீகவாபி நம் பக்கம்தானே. மகாவம்ச அரசர்கள் எப்படி?

மகாவம்சம் இலங்கை அரசர்களின் கதை சொல்லும் பழைய பாளி நூல். அதிலும் நகைதான் பேசுகிறது. ஆற்றுக்கு இக்கரையே போதும், தமிழரோடு போர் வேண்டாம் என்று அரசன் காக்கவண்ண தீசன், பின்னாளில் துட்டகைமுனு எனப்பட்ட மகன் கைமுனுவைத் தடுத்தான். "என் தகப்பன் ஆணென்றால் இப்படிச் சொல்லமாட்டார்" என்று சொல்லி, மகன் அவருக்குப் பெண்கள் அணியும் நகையை அனுப்பினான். தகப்பன் கோபத்தில் அவனைக் கட்டிவைக்கப் பொன்சங்கிலி செய்யச் சொன்னான். மகன் மலைநாட்டுக்கு ஓடினான். 'துட்ட' என்ற அடை அதனால்தான் வந்தது. தம்பி சத்தாதீசன் இருந்த இடம்தான் தீகவாபி. மகனைக் காக்க நினைத்த தகப்பனைப் பெண் என்று ஏசியது எனக்கு இன்றும் நோகிறது. பெண் என்பது எப்படி வசவாகும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து: எகிப்தில் ஒரு ராணி தாடி வைத்தாராமே?

ஹட்செப்சுட். பொய்த்தாடி அங்கே பாரோவின் சின்னம், ஆகவே பாரோவான அவர் சிலைகளிலும் அது இருக்கிறது. நம் பக்கத்து வடமோடிக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை மகள். வயலில் நின்ற மனிசன் கரப்புடுப்பு என்ற கூத்து உடுப்பைக் கட்டி முடியை வைத்ததும், தோளை விரித்து ராசாவாகத்தானே களரிக்கு, அதாவது ஆடும் இடத்துக்கு, வருகிறார்.