சுவிட்ச் விழுகிறது என்றால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிவந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. விடுமுறைக்கு உறவினர் எல்லோரும் இங்கேதான் கூடுகிறார்கள். அதற்காகக் கூடம், மாடிப்படி, பால்கனி, வெளிச்சுவர் என்று எங்கும் எல்.இ.டி. சரவிளக்குகள் போட்டிருக்கிறோம். மாலையில் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் ஆனதும் வீடே இருண்டுவிடுகிறது. மெயின் பெட்டியில் 30 எம்.ஏ. என்று எழுதியிருக்கும் சுவிட்ச் கீழே விழுந்து கிடக்கிறது. "புது வீடு, லோடு தாங்கவில்லை. அந்த சுவிட்சை விலக்கிவிட்டு நேராக இணைத்தால் சரியாகிவிடும்" என்கிறார் அலங்காரம் செய்து தந்த ஒப்பந்தக்காரர். செய்யலாமா? சுவரில் இன்னும் சில கொக்கிகளும் அடிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: செய்யக் கூடாது. ஒரே ஒரு மாலைக்குக்கூடச் செய்யக் கூடாது. அவருடைய ஆட்கள் மறுபடி வந்தால் மெயின் பெட்டி மூடியில் கை வைக்க விடாதீர்கள்.

முதலில் அந்த 'லோடு' கதையை முடித்துவிடுவோம். நூறு விளக்குகள் கொண்ட ஒரு எல்.இ.டி. சரம் சுமார் 5 முதல் 8 வாட்தான் இழுக்கும். இருபது சரங்கள் போட்டிருந்தாலும் 160 வாட்டைத் தாண்டாது. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்றே 1000 வாட் இழுக்கிறது. அதைத் தாங்குகிற வீடு இதைத் தாங்காதா? மேலும், லோடு கூடினால் விழ வேண்டியது எம்.சி.பி. என்கிற சின்ன சுவிட்ச். உங்கள் வீட்டில் விழும் அந்த 30 எம்.ஏ. (மில்லி ஆம்பியர்) சுவிட்ச், மின்கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்.சி.சி.பி. இரண்டுக்கும் வேலை வேறு.

ஆர்.சி.சி.பி. ஒரு கணக்குப்பிள்ளை. வீட்டுக்குள் எவ்வளவு கரண்ட் போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் பேசாமல் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது ஈரச் சுவர் வழியாகவோ யாரோ ஒருவரின் உடல் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். அப்போது நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் அது மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும்; கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் விரைவாகத் துண்டிக்கும். எம்.சி.பி.க்கு இந்தக் கணக்கு தெரியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் அளவு, 30 மில்லி ஆம்பியரைப் போல ஐந்நூறு மடங்குக்கும் மேல். ஒரு மனிதரின் இதயத் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியர் மார்பின் வழியே பாய்ந்தாலே போதும். அதைப் பார்த்துக்கொண்டு எம்.சி.பி. அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புது வீட்டைச் சோதிக்கப் போயிருந்தேன். குளியலறைக் குழாயைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்றார்கள். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சோதனைப் பொத்தானை அழுத்தினேன். நெம்புகோல் டக்கென்று கீழே விழுந்தது. கூடத்து விளக்கு அணையவில்லை, எரிந்துகொண்டே இருந்தது. மூடியைக் கழற்றினால், வீட்டுக்குள் போக வேண்டிய இரண்டு ஒயர்களையும் சுவிட்சின் கீழ்முனையிலிருந்து எடுத்து, மேல்முனையில் உள்வரும் ஒயர்களோடு சேர்த்து முறுக்கி வைத்திருந்தார்கள். சுவிட்ச் வெறும் பொம்மையாக நின்றது. ஒரு வைபவத்துக்கு விளக்கு போட்டபோது 'தற்காலிகமாக' செய்ததாம். ஐந்து மாதங்களாக அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஒப்பந்தக்காரர் செய்யச் சொல்வது இதைத்தான்.

அதனால் இன்றே நீங்களும் அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நெம்புகோல் விழ வேண்டும். அது காக்கும் அறைகள் எல்லாவற்றிலும் மின்சாரமும் போக வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கவில்லை என்றாலும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இனி எந்த இடத்தில் கசிகிறது என்று தேடுவோம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது: போட்டவுடன் விழவில்லை, இருட்டி ஒரு மணி நேரம் கழித்து விழுகிறது. எனக்கு முதலில் வரும் சந்தேகம் பனி ஈரம். பால்கனியிலும் வெளிச்சுவரிலும் இருக்கிற சரங்களின் இணைப்புகளைப் போய்ப் பாருங்கள். ஒரு சரத்தின் வால் அடுத்த சரத்தின் தலையில் செருகியிருக்கும் இடம் தரையிலோ பூந்தொட்டி மண்ணிலோ கிடக்கிறதா? சரம் வந்த அட்டைப்பெட்டியில் ஐ.பி. என்று ஒரு எண் இருக்கும்; தூசு, தண்ணீரிலிருந்து எவ்வளவு காப்பு என்று அது சொல்கிறது. ஐ.பி. 20 என்று இருந்தால் அது உள்ளறைக்கு மட்டும் உரியது. தண்ணீரிடமிருந்து அதற்கு எந்தக் காப்பும் இல்லை. வெளியே மாட்ட ஐ.பி. 44 ஆவது வேண்டும். இரண்டாவது 4 என்ற எண்தான் எந்தப் பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பதைச் சொல்கிறது. மழை நேராக அடிக்கும் சுவருக்கு ஐ.பி. 65 நல்லது. எண்ணே போடாத சரத்தை வெளியே மாட்டவே வேண்டாம்.

சோதிக்கும் முறை எளிது. எல்லாச் சரங்களின் பிளக்கையும் சாக்கெட்டிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, உருவ வேண்டும். பெரும்பாலும் சுவர் சுவிட்ச் ஒரு ஒயரைத்தான் துண்டிக்கும். மற்றது இணைப்பிலேயே இருக்கும். பிறகு ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிவிட்டு, அதே மாலை நேரத்தில், ஒவ்வொரு சரமாகச் செருகிக்கொண்டு வாருங்கள். எந்தச் சரத்தில் விழுகிறதோ அதை ஒதுக்கிவிடுங்கள். டேப் சுற்றி ஒட்டுப் போட நினைக்காதீர்கள்.

ஒப்பந்தக்காரர்களின் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 'வீடு முழுவதும் ஒரே தொகை' என்று பேசுபவர்களில் பலர் புதுச் சரம் கொண்டுவருவதில்லை. போன விழாவில் கழற்றியதை வெட்டி, ஒட்டி, கறுப்பு டேப் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். விரல்களால் ஒயரைத் தடவிக்கொண்டே போனால் முண்டு முண்டாகத் தட்டுப்படும். பிளக்கே இல்லாமல் இரண்டு வெறும் ஒயர்களைச் சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சியைச் செருகி இறுக்குகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும்விட மோசமானது இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர். சரத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டால், கழற்றி மறுபடி மாட்டச் சோம்பல்பட்டு இதை ஆட்கள் தாங்களாகவே செய்துகொள்கிறார்கள். ஒரு முனையைச் சாக்கெட்டில் செருகியதும் மறுமுனையின் உலோக முட்கள் உயிருள்ள மின்சாரத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தையின் கை எட்டும் உயரத்தில் அப்படி ஒன்று தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு ஒயர் இருந்தால், மெயினை அணைத்துவிட்டுக் கழற்றி இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். திருப்பிக் கொடுக்காதீர்கள், அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

சரத்தின் அட்டைப்பெட்டியில் இருக்கும் முத்திரைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பலரும் காட்டும் சி.இ. குறி, இப்படிப்பட்ட பொருள்களில் தயாரிப்பாளர் தாமே கொடுத்துக்கொள்ளும் உறுதிமொழி. வெளியார் யாரும் சோதித்தார்கள் என்பதற்கு அது சான்றில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஒப்பந்தக்காரர் நாளை இதைத்தான் எடுத்துக்கொண்டு வருவார். சில வீடுகளில் எந்தப் பொருளிலும் பழுது இல்லாமலே ஆர்.சி.சி.பி. விழும். கணினி, துணி துவைக்கும் இயந்திரம், இன்வெர்ட்டர் வகை ஏ.சி. போன்றவை நன்றாக இருக்கும்போதே ஒன்றிரண்டு மில்லி ஆம்பியரை எர்த் வழியாக விடும். அவற்றின் அமைப்பு அப்படி. இப்படிப் பல பொருள்கள் ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் இருந்தால் பத்து, பன்னிரண்டு மில்லி ஆம்பியர் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். 30 என்று எழுதியிருந்தாலும் அது 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். தரவிதியே அதை அனுமதிக்கிறது. அந்த நிலையில் வெளிச் சரத்தின் சிறிய ஈரமே கடைசிச் சொட்டாகிவிடும். சரத்தைத் தனியே சோதித்தால் குற்றமே தெரியாது. ஆனால் மற்றப் பொருள்களை எல்லாம் உருவிவிட்டுச் சரங்களை மட்டும் எரியவிட்டால் விழாமல், அவற்றையும் சேர்த்து ஓடவிட்டபோது மட்டும் விழுந்தால்தான் இந்தச் சந்தேகத்துக்கு வலு உண்டு. அப்போதும் மருந்து சுவிட்சை விலக்குவதல்ல. எலெக்ட்ரீஷியனிடம் கசிவை அளக்கும் கிடுக்கி மீட்டரால் அளக்கச் சொல்லி, வீட்டை இரண்டு மூன்று 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.களுக்குப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். '30-ஐ எடுத்துவிட்டு 100 போடலாம், 300 போடலாம்' என்பார்கள். அவை தீப்பிடிக்காமல் இருப்பதற்காகப் போடுவன. மனிதரைக் காப்பது 30-தான்.

இனிக் கொக்கி விஷயம். ஏற்கெனவே அடித்த ஆணிகளின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆணி சுவருக்குள் போகும் நியூட்ரல் ஒயரையும் (கரண்ட் திரும்பி வரும் ஒயர்) எர்த் ஒயரையும் சேர்த்துக் குத்தியிருந்தால் உடனே ஒன்றும் தெரியாது. வேறு ஏதோ அறையில் பெரிய பொருள் ஓடும்போது ஆர்.சி.சி.பி. விழும், நீங்கள் அந்தப் பொருளைச் சந்தேகிப்பீர்கள். சரங்களைச் சோதித்தும் பலன் இல்லையென்றால், ஒயர் உறையின் காப்பைச் சோதிக்கும் இன்சுலேஷன் மீட்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 500 வோல்ட்டில் சோதித்தால் அந்தக் காப்பின் மின்தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. சோதிக்கும் முன் மின்னணுப் பொருள்களை எல்லாம் உருவிவிடச் சொல்லுங்கள்; இல்லையென்றால் அவை பழுதாகலாம்.

இனிமேல் அடிப்பவற்றை சுவிட்ச், சாக்கெட்டுக்கு நேர் மேலும் நேர் கீழும், அவற்றின் மட்டத்தில் இரு பக்கமும் அடிக்காதீர்கள். ஒயர்கள் வழக்கமாக அந்தக் கோட்டில்தான் ஓடுகின்றன. வழக்கமாக என்றுதான் சொல்ல முடிகிறது. கோடிக்கணக்கில் வீடு கட்டுகிறார்கள். சாவியை அலங்காரத் தட்டில் வைத்துத் தருகிறார்கள். சுவருக்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து தருவதற்கு மட்டும் ஆள் இல்லை. மின் இணைப்பு கொடுக்கும் நாளில் ஒரு கையெழுத்து விழுகிறது, அத்தோடு சரி. கையெழுத்துப் போட்டவர் மூடியைத் திறந்து பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை. இந்த அலட்சியத்துக்கு விலை கொடுப்பவர் ஏணியில் ஏறி ஆணி அடிக்கிறவர். வீடு கட்டியவரிடம் வயரிங் வரைபடம் கேளுங்கள். இல்லை என்றால், பூச்சு வேலைக்கு முன் எடுத்த புகைப்படங்களாவது இருக்கிறதா என்று விடாமல் கேளுங்கள்.

ஆணி வேண்டாம் என்று ஒட்டும் கொக்கி வாங்கினால், பெயின்ட் அடித்து ஒரு வாரமாவது ஆன சுவராக இருக்க வேண்டும். உங்கள் சுவருக்கு ஆறு வாரம் ஆகிவிட்டதால் ஒட்டலாம். கனமான எதையும் அதில் தொங்கவிட வேண்டாம்.

உறவினர் வருவதற்கு இரண்டு நாள் முன்பே எல்லா விளக்கையும் இருட்டியதிலிருந்து படுக்கப் போகும்வரை எரியவிட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டி வைத்தபடி உபயோகிக்காமல் முழுவதும் அவிழ்த்து விடுங்கள், சுருளுக்குள் சூடு ஏறும். ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொன்றைச் செருகாதீர்கள். அடாப்டர் உள்ள சரம் என்றால் அடாப்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பொத்தான் பேட்டரி போட்ட சின்ன விளக்குகளின் மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று குழந்தைகள் வருமுன் பாருங்கள். அந்தப் பேட்டரியை ஒரு குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.