மாறிக்கொண்டே இருக்கும் வானத்தை நீர்வண்ணத்தில் வரைவது எப்படி?

ஒரு நிமிடம்கூட நிற்காத முகிலை நீர்வண்ணத்தில் எப்படி வரைவது என்று கேட்டிருக்கிறீர்கள். மொரீசியஸில் இயற்கைக் காட்சிகளை வரைந்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: வடிவத்தைத் துரத்தாமல், ஒளி எங்கிருந்து விழுகிறது, காற்று எப்பக்கம் வீசுகிறது, முகிலின் அடி எங்கே நிற்கிறது என்பவற்றை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தீவில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்குக் காற்றே வீசுகிறது. கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அக்காற்று தீவின் நடுவிலுள்ள கியூர்பிப் மேட்டுநிலத்தில் ஏறும்போது குளிர்ந்து முகிலாகிறது. மலைகளைத் தாண்டிக் கடற்கரைத் தலைநகரான போர்ட் லூயிப் பக்கம் இறங்கும்போது அம்முகில் கரைந்துவிடுகிறது. கோர் தெ கார்ட் மலை முருகன் கோயில் படிகளில் அமர்ந்து மேட்டுநிலத்தைக் கவனித்தால், ஒன்று கலைந்த இடத்திலேயே அதே சாயலில் இன்னொன்று திரள்வதைக் காணலாம். ஆகவே கலைந்துபோன முகிலுக்காகப் படத்தைக் கைவிட வேண்டியதில்லை. அடுத்து வருவதைப் பார்த்துத் தொடரலாம். நீராவி குளிர்ந்து துளியாகும் உயரம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் திரள்முகில்களின் அடி தட்டையாக, ஒரே மட்டத்தில் இருக்கும். தொடுவானத்தை நோக்கிச் செல்லச் செல்ல அந்த அடிகள் மெலிந்து, ஒன்றையொன்று நெருங்கி, அடுக்கடுக்காகத் தெரியும். பலருடைய வானம் ஆழமில்லாமல் திரைச்சீலைபோல் தொங்குவதற்கு இதைக் கவனியாததே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

வெண்மைக்குத் தனி வண்ணம் வேண்டாம். தாளின் வெண்மையே போதும். வெயில் படும் விளிம்பை உலர்ந்த தாளில் கூர்மையாக விட்டு, மற்ற இடங்களை நனைத்து நீலத்தைப் பரவ விடுங்கள். நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலத்துடன் சிறிது பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணம் கலந்தால் மழைமுகிலின் சாம்பல் நிறம் கிடைக்கும். தாள் பாதி காய்ந்திருக்கும்போது மட்டும் நீர் மிகுந்த தூரிகையால் தொடாதீர்கள். வண்ணம் பின்வாங்கி விளிம்பு கட்டிய கறையாகிவிடும். கியூர்பிப்பின் ஈரத்தில் தாள் காய நெடுநேரம் ஆகும், போர்ட் லூயியின் வெயிலிலோ விரைவில் காய்ந்துவிடும் என்பதால், இந்தப் பக்குவத்தை இடத்துக்கு இடம் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னர் ஒரு குறிப்பேடு முழுவதையும் வானத்தின் நீர்வண்ணப் படங்களுக்கே ஒதுக்கினார். அவர் காலத்து இன்னொரு ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் முகில்களை எண்ணெய் வண்ணத்தில் தாளில் வரைந்து, பலவற்றின் பின்புறம் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றையும் எழுதிவைத்தார். நீங்களும் அஞ்சலட்டை அளவுத் தாள்களில் வரைந்து, பின்புறம் இவற்றைக் குறித்து வாருங்கள். பிற்பாடு ஒரு பெரிய நிலக்காட்சிக்கு வானம் தேவைப்படும்போது, அந்த நிலத்தின் நேரத்துக்கும் காற்றுக்கும் பொருந்துவதை அவற்றிலிருந்து தேர்ந்துகொள்ளலாம்.